தழும்பு வழுக்கைக்கான மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் நோய்ப் பிரிவிலிருந்து வரும் சீட்டுகளுக்கு மருந்து கொடுப்பது என் வேலை. தலையில் தழும்பு விட்டு முடி கொட்டும் நோய்க்கு மருந்து வாங்க வருகிறவர்கள், மருத்துவரிடம் கேட்கத் தயங்கியதையோ கேட்க மறந்ததையோ மருந்து வாங்கும் இடத்தில்தான் கேட்கிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் உள்ள மருந்தளவுகள் பொதுவான புரிதலுக்கானவை. உங்களுக்கு உரிய அளவு உங்கள் சீட்டில் எழுதப்பட்டிருப்பதுதான்.

1. வட்டமா முடி கொட்டிச்சு, புழுவெட்டுன்னு நெனச்சேன். டாக்டர் வேற ஏதோ பேர் சொல்றாரு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

புழுவெட்டில் உடலின் எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்காலின் அடிக்கிழங்கைத் தாக்குகின்றன. முடியை மறுபடி முளைக்க வைக்கும் குருத்தணுக்கள் அதற்குச் சற்று மேலே, குளிரில் மயிர்க்கூச்செறியச் செய்யும் சிறு தசை வந்து ஒட்டும் இடத்துக்கு அருகில் இருக்கின்றன; புழுவெட்டு அவற்றைத் தொடுவதில்லை. அதனால்தான் சில ஆண்டுகள் கழித்தும்கூட முடி திரும்ப வருகிறது. தழும்பு வழுக்கையில் அழற்சி அந்தக் குருத்தணுக்கள் இருக்கும் இடத்தையே சூழ்ந்துகொள்கிறது. அவை அழிந்ததும் மயிர்க்கால் முழுவதும் நார்த் திசுவாகிவிடுகிறது.

நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் இந்த வேறுபாடு ஓரளவு கண்ணுக்கே தெரியும். புழுவெட்டு வட்டத்தில் முடி இல்லாவிட்டாலும் அது முளைத்த துளைகள் புள்ளி புள்ளியாக இருக்கும். தழும்பு விழுந்த இடத்திலோ துளைகளே இல்லாமல் தோல் மழமழவென்று பளபளக்கும். அதன் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளைச் செதிலும் காணப்படும். அரிப்பு, எரிச்சல், தொட்டால் வலி ஆகியவையும் பலருக்கு இருக்கும்.

இந்த நோய்களை எந்த வெள்ளணு முன்நின்று தாக்குகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். 2001-இல் வகுக்கப்பட்ட இந்தப் பிரிவே இன்றும் வழக்கில் இருக்கிறது. லைக்கன் பிளானோபைலாரிஸ், நெற்றியோரம் பின்வாங்கும் ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா, லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயின் தோல் வடிவமான டிஸ்காய்டு லூபஸ் ஆகியவை லிம்ஃபோசைட் வகையைச் சேர்ந்தவை. சீழ்க்கொப்புளத்தோடு வரும் ஃபாலிகுலைட்டிஸ் டெகால்வன்ஸ், தலைத்தோலுக்கு அடியில் சீழ் சுரங்கம் போல ஓடும் டிசெக்டிங் செல்லுலைட்டிஸ் ஆகியவை நியூட்ரோஃபில் வகை. கீழே வரும் மருந்துகள் பெரும்பாலும் இந்தப் பிரிவை ஒட்டியே மாறுகின்றன.

2. மருந்து சாப்பிட்டா போன முடி திரும்பி வந்துடுமா?

தழும்பான இடத்தில் வராது. இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், முடி வரவில்லையே என்று மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்திவிட்டு, ஆறாம் மாதம் இரண்டு மடங்கு வழுக்கையோடு திரும்ப வருகிறார்கள். மருந்தால் அழற்சி அடங்கும், அரிப்பும் எரிச்சலும் நிற்கும், இன்னும் இருக்கும் முடி காப்பாற்றப்படும். ஓரத்தில் வீங்கியிருந்தும் சாகாத மயிர்க்கால்களில் மட்டும் கொஞ்சம் முடி திரும்ப முளைக்கலாம்.

எதுவும் நடக்காமல் இருப்பதே வெற்றி என்பதால் அதைக் கண்ணாடியில் கண்டுபிடிப்பது கடினம், படம்தான் உதவும். எங்களிடம் வரும் ஓர் அம்மா மாதத்தின் முதல் நாளன்று, அதே சன்னலோரம், அதே வகிட்டில், பக்கத்தில் ஒரு சீப்பை வைத்துப் படமெடுத்துக்கொண்டு வருவார். சீப்பின் பற்களை எண்ணினால் வழுக்கை பெரிதாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நெற்றியோர வகை உள்ளவர்கள் புருவ நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

3. தலையில இருந்து சதை வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணணுமாம். அது கட்டாயமா?

பெரும்பாலும் தேவைப்படும். மரத்துப்போக ஊசி போட்டு, 4 மி.மீ. அகலமுள்ள வட்டக் கருவியால் சிறு துண்டை எடுத்து ஓரிரு தையல் போடுவார்கள். வழுக்கையின் நடுவில் எடுத்தால் வெறும் தழும்புதான் தெரியும் என்பதால், சிவந்து செதிலோடு இருக்கும் ஓரத்தில் முடியோடு சேர்த்து எடுப்பார்கள். "முடி இருக்கிற இடத்தைப் போய் வெட்டிட்டாங்களே" என்று வருந்துகிறவர்களுக்கு இதுவே பதில்.

நோயின் வகை தெரியாமல் மருந்து கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. குறிப்பாகக் குழந்தையின் தலையில் சீழோடு மெத்தென்று வீங்கி முடி உதிர்ந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் போன்ற பூஞ்சைக்கொல்லியை வாய்வழியே வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவினால் சிவப்பு அடங்கியதுபோலத் தெரியும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் அதுவும் நிரந்தரத் தழும்பில் முடியும்.

4. தடவுறதுக்கு ஒரு லோஷன், மாசா மாசம் தலையில ஊசி. ரெண்டுமே ஸ்டீராய்டுங்கிறாங்க, பயமா இருக்கு.

இரண்டும் ஸ்டீராய்டுதான். லோஷன் பெரும்பாலும் 0.05 சதவீத குளோபெட்டசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. ஊசியில் இருப்பது டிரையாம்சினலோன். மில்லிலிட்டருக்கு 2.5 முதல் 10 மி.கி. வரையான அடர்த்தியில், 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை, நோய் பரவும் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகப் போடுவார்கள். ஒரே இடத்தில் அதிகமாகப் போட்டால் தோல் சற்றுக் குழியலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

லோஷன் பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம், அதை முடியில் தடவுவதுதான். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பாட்டிலின் மூக்கைத் தோலில் வைத்து, வழுக்கையின் ஓரம் நெடுகச் சில சொட்டுகள் விட்டு விரல் நுனியால் பரப்ப வேண்டும். எண்ணெய் வைத்த தலையில் தடவினால் மருந்து நெற்றிக்கு வழியும். நெற்றித் தோல் மெல்லியது. அங்கே மாதக்கணக்கில் இந்த மருந்து பட்டால் இரத்த நாளங்கள் தெரியும் அளவுக்குத் தோல் மெலிந்துவிடும். கண்ணிலும் படக்கூடாது.

5. எனக்கு மலேரியாவும் இல்ல, கொரோனாவும் இல்ல. இந்த மாத்திரை எதுக்கு?

ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கையில் வாங்கும்போது அநேகமாக எல்லாரும் கேட்பது இதுதான். மலேரியா மருந்தாக வந்தது, லூபஸ், மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. 2020-இல் கொரோனாவுக்கு உதவும் என்று நம்பி எல்லாரும் வாங்கிக் குவித்ததில், உண்மையில் இதை நம்பியிருந்த லூபஸ் நோயாளிகள் மாத்திரை கிடைக்காமல் அலைந்தார்கள். கொரோனாவுக்கு அது உதவவில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. லிம்ஃபோசைட் வகைத் தழும்பு வழுக்கையில் அணுக்களின் சினத்தைத் தணிப்பதற்காக இதைக் கொடுக்கிறார்கள். டிஸ்காய்டு லூபஸில் இதன் பயன் நன்கு நிறுவப்பட்டது. லைக்கன் பிளானோபைலாரிஸில் அனுபவத்தையும் சிறு ஆய்வுகளையும் வைத்துத் தருகிறார்கள். அந்த நோய்க்கென்றே அதிகாரபூர்வ ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இது மெதுவாக வேலை செய்யும் மருந்து. பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். சாப்பாட்டோடு போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழலாம். நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு முழங்காலுக்குக் கீழேயும் நகத்திலும் நீலக் கருமை படரும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம், மருத்துவரிடம் காட்டினால் போதும்.

6. அது கண்ணைக் குருடாக்கிடும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்களே?

இதற்கு ஓர் அடிப்படை உண்டு. மருந்து விழித்திரையில் சேர்ந்து அதைப் பழுதாக்கலாம், அந்தப் பழுது திரும்பாது. ஆனால் அது பெரும்பாலும் அளவையும் ஆண்டுகளையும் பொறுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மி.கி.-க்கு மிகாமல் எடுத்தால், முதல் 5 ஆண்டுகளில் இந்த ஆபத்து 1 சதவீதத்துக்கும் கீழ், 10 ஆண்டு வரை 2 சதவீதத்துக்கும் கீழ். 20 ஆண்டுக்கு மேல்தான் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை எட்டுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மி.கி. வரை போகலாம் என்பதால், 200 மி.கி. மாத்திரையை ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று எழுதுவார்கள். 45 கிலோ உள்ளவருக்குத் தினம் ஒன்றுதான் சரி. இரண்டு எழுதியிருந்தால் மருந்தை வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒருமுறை கண் பரிசோதனை, 5 ஆண்டு கடந்தபின் ஆண்டுதோறும் பரிசோதனை என்பது பொது விதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுப்பவர்களும் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். வெறும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது போதாது. விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. படமும் பார்வைப்புலச் சோதனையும் வேண்டும். ஆசியர்களுக்கு இந்தப் பழுது விழித்திரையின் மையத்தைவிடச் சற்றுத் தள்ளித் தொடங்குவதுண்டு என்பதால், "பிளாக்வெனில் எடுக்கிறேன்" என்று இந்த மாத்திரையின் வணிகப் பெயரையோ, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற பொதுப்பெயரையோ சொல்லி கண் மருத்துவரிடம் சீட்டைக் காட்டிவிடுங்கள். அவர் அகலமான புலத்தைச் சோதிப்பார்.

7. கிருமி எதுவும் இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அப்புறம் ஏன் மூணு மாசத்துக்கு ஆன்டிபயாட்டிக்?

டாக்சிசைக்ளின் கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும்; இங்கே இரண்டாவது குணத்துக்காகவே தருகிறார்கள். ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது; 8 வயதுக்குக் கீழே நீண்ட நாள் கொடுப்பதில்லை.

8. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒண்ணுதானா? தினமும் போட்டா சீக்கிரம் குணமாகாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே நான் பதில் சொல்லிவிடுவது வழக்கம். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் எடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவது நின்றுபோகும், உயிரே போகலாம். வாரம் ஒரு மாத்திரை என்று எழுதப்பட்டவர் ஒருவர் பன்னிரண்டாம் நாள் வெறும் பட்டையோடு, "தீர்ந்துடுச்சு சார்" என்று வந்து நின்றார். பத்து மாத்திரைப் பட்டை அவருக்குப் பத்து வாரம் வந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொன்னால் உள்ளே முழுவதும் புண். உடனே சேர்க்கப்பட்டு அதன் நச்சை முறிக்கும் மருந்து ஏறியதால் பிழைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டையின் மேலும் "செவ்வாய் மட்டும்" என்பதுபோல நாளின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுக்கிறேன்; உங்களுக்கு எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஃபோலிக் அமில மாத்திரையைப் பெரும்பாலும் வேறொரு நாளில் போடச் சொல்வார்கள். தொடங்குமுன்பும் பிறகு அவ்வப்போதும் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய சோதனைகள் செய்ய வேண்டும். மது கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு என்று கோ-டிரைமாக்சசோல் எழுதினால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மேலே சொன்ன அதே விபரீதம் நடக்கும். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். எதிர்ப்பு அணுக்களை அடக்கும் இதே வரிசையில் வரும் மைக்கோஃபினோலேட்டுக்கும் இரத்தச் சோதனை உண்டு. சைக்ளோஸ்போரினில் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும்.

9. எனக்குச் சர்க்கரையே கிடையாது. பயோகிளிட்டசோன் எழுதியிருக்காரே, தப்பா எழுதிட்டாரா?

தவறில்லை. லைக்கன் பிளானோபைலாரிஸ் நோயாளிகளின் மயிர்க்கால்களில் கொழுப்பைக் கையாளும் பி.பி.ஏ.ஆர்.-காமா என்ற ஏற்பி (அணுவுக்குள் சமிக்ஞை வாங்கும் புரதம்) குறைந்திருப்பதை 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பயோகிளிட்டசோன் அந்த ஏற்பியைத் தூண்டும் மருந்து. வழக்கமாக 15 மி.கி. தருகிறார்கள். சிலருக்கு நன்றாகவும் பலருக்குச் சுமாராகவும் கேட்கிறது. தனியாக எடுக்கும்போது சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்துவது அரிது. ஆனால் கால் வீக்கம், எடை ஏற்றம் ஆகியவை வரலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் கூடாது. அந்தப் புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் இந்திய அரசு இதன் விற்பனையை நிறுத்தி, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது.

10. நெத்தி மேல ஏறிக்கிட்டே போகுது, புருவமும் போச்சு. ஆம்பளைங்க புராஸ்டேட் மாத்திரையைக் கொடுத்திருக்காங்க.

இது ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. சிட்னியைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஸ்டீவன் கொஸார்ட் 1994-இல் முதலில் விவரித்த நோய். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. இதில் ஆண்மை ஹார்மோனின் வீரிய வடிவத்தைத் தடுக்கும் டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு ஆகியவை நெற்றியோர முடி பின்வாங்குவதை நிறுத்த உதவுவதாகப் பல மருத்துவர்கள் காண்கிறார்கள். கருவிலுள்ள ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியை இவை பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. வீட்டில் கர்ப்பிணி மருமகளோ மகளோ இருந்தால், உடைந்த டூட்டாஸ்டெரைடு கேப்ஸ்யூலை அவர்கள் தொடவே கூடாது.

11. தலையில சீழ்க்கொப்புளம்தான். ஆனா டி.பி. மாத்திரை கொடுத்திருக்காங்க. எனக்கு டி.பி.யா?

இல்லை. ஃபாலிகுலைட்டிஸ் டெகால்வன்ஸில், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியும் அதற்கு எதிராக உடல் காட்டும் மிகையான சீற்றமும் சேர்ந்தே மயிர்க்கால்களை அழிக்கின்றன. ஒரே துளையிலிருந்து ஐந்தாறு முடிகள் பொம்மைத் தலையில் நட்டதுபோலக் கொத்தாக வெளிவருவது இதன் அடையாளம். ரிஃபாம்பிசின் 300 மி.கி., கிளிண்டாமைசின் 300 மி.கி. ஆகிய இரண்டையும் தினம் இருவேளை 10 வாரம் கொடுப்பது பழக்கமான முறை.

ரிஃபாம்பிசின் காசநோய்க்கு முதுகெலும்பான மருந்து. நம் நாட்டில் தெரியாமல் காசநோய் உள்ளே இருக்கும்போது இதை மட்டும் கொடுத்தால், அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காமல் பழகிவிடும். ஆகவே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். நீங்களாகவே இதைத் திரும்ப வாங்கிப் போடவும் கூடாது. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகும் என்பதால் வேறு தடுப்பு வேண்டும். கிளிண்டாமைசினால் அடிக்கடி நீராகப் பேதியானால் உடனே தெரிவியுங்கள்.

12. குழந்தைக்கு முயற்சி பண்றோம். எந்தெந்த மருந்தை நிறுத்தணும்?

டிசெக்டிங் செல்லுலைட்டிஸுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் கருவைக் கடுமையாக ஊனப்படுத்தும். நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கருத்தரிக்கக் கூடாது. அதன் உறவினமான அசிட்ரெட்டினுக்கு அந்த இடைவெளி 3 ஆண்டுகள் என்பதால், இளம் பெண்களுக்கு அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். மைக்கோஃபினோலேட்டுக்கு 6 வாரம். மெத்தோட்ரெக்ஸேட்டும் கூடவே கூடாது. எத்தனை மாதம் முன்பு நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். டாக்சிசைக்ளினும் 10-ஆம் கேள்வியில் சொன்னவையும் வேண்டாம். ஹைட்ராக்சிகுளோரோகுயினை மட்டும் பொதுவாகத் தொடரலாம். லூபஸ் உள்ள கர்ப்பிணிகள் அதை நிறுத்தாமல் இருப்பதே நல்லது. நாள் தள்ளிப்போனபின் கேட்பதைவிட, திட்டமிடும்போதே கேளுங்கள்.

13. பாரிசிட்டினிப்னு புதுசா வந்திருக்காமே, எனக்கும் எழுதச் சொல்லலாமா?

2022 ஜூனில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது புழுவெட்டுக்கு. 1-ஆம் கேள்வியில் சொன்ன வேறுபாட்டை நினைவில் வையுங்கள்: அங்கே குருத்தணு உயிரோடு இருக்கிறது, அதனால் முடி முளைத்த படங்கள் வியப்பூட்டுகின்றன. தழும்பு வழுக்கையில் பாரிசிட்டினிப், டோஃபாசிட்டினிப் போன்றவற்றால் அழற்சி அடங்கியதாகச் சிறு ஆய்வுகள் வந்துள்ளன. மற்றவை கைவிட்டபோது மருத்துவர்கள் முயல்கிறார்கள். தீவிரத் தொற்று, நாளங்களில் இரத்தம் உறைவது, மாரடைப்பு பற்றிய கடும் எச்சரிக்கை இவற்றுக்கு உண்டு. காசநோய்ச் சோதனை இங்கும் முதல் படி.

14. சின்ன வெங்காயம், ஆத்துத்தும்மட்டிக்காய் தேய்க்கலாமா? பழனியில மொட்டை போட்டா அடர்த்தியா வருமா?

காரமான எதையும் அழற்சி உள்ள தோலில் தேய்க்காதீர்கள். புழுவெட்டுக்குக் காலங்காலமாகத் தேய்ப்பவைதான். ஆனால் இங்கே ஏற்கெனவே சிவந்து நிற்கும் ஓரம் மேலும் புண்ணாகிறது. மொட்டை அடிப்பதால் முடி வளர்வதுமில்லை, குறைவதுமில்லை. கத்தி படுவது தோலுக்கு மேலே உள்ள உயிரற்ற முடியில். வேண்டுதல் என்றால் தாராளமாக நிறைவேற்றுங்கள். சீழ்க்கொப்புளம் இருக்கும்போது மட்டும் தள்ளிப்போடுங்கள். எப்போதும் புதுப் பிளேடு போடச் சொல்லுங்கள். டிஸ்காய்டு லூபஸ் உள்ளவர்கள் மொட்டைத் தலையோடு வெயிலில் நிற்கக் கூடாது, வெயில் அந்த நோயைக் கிளறிவிடும். பீடியும் சிகரெட்டும் அந்த நோயை மோசமாக்கும், மருந்தின் பலனையும் குறைக்கும்.

15. மினாக்சிடில் போடலாமா? முடி நட்டுக்கிட்டா வேலை முடிஞ்சிடும்ல?

மினாக்சிடில் அழற்சியைத் தொடுவதில்லை. மிஞ்சியிருக்கும் முடியைத் தடிப்பாக்கி வழுக்கையை மறைக்க உதவும். அந்த எதிர்பார்ப்போடு, மற்ற மருந்துகளுக்குத் துணையாகப் போடலாம்.

முடி நடுவதற்கு நோய் குறைந்தது ஓரிரு ஆண்டாவது முழுதாக அடங்கியிருக்க வேண்டும். நோய் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போது நட்டால், நட்ட முடியையும் அது தின்றுவிடும். சிலருக்கு அறுவையே நோயை மறுபடி எழுப்பிவிடுவதும் உண்டு. எந்த வகை வழுக்கை என்றுகூடக் கேட்காமல் தேதி கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. திசுப் பரிசோதனை அறிக்கையைக் காட்டாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

16. ஒரு வருஷமா அரிப்பே இல்ல. இனிமே நிறுத்திடலாமா?

அரிப்பு நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. குறிப்பாக நெற்றியோர வகை, எந்தத் தொந்தரவும் தராமலே ஊர்ந்துகொண்டிருக்கக் கூடியது. 2-ஆம் கேள்வியில் சொன்ன மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓரத்தில் செதிலும் சிவப்பும் இல்லை, அளவும் மாறவில்லை, ஓரத்து முடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் வேரோடு வருவதில்லை என்றால், மருத்துவர் ஒவ்வொரு மருந்தாகக் குறைப்பார். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், பிறகு நோய் திரும்பும்போது எது வேலை செய்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. வாய்வழி ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மேல் எடுத்திருந்தால், அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

மருந்து நின்றபின்பும் படமெடுப்பதை நிறுத்த வேண்டாம். நோய் ஓரிரு ஆண்டு கழித்துத் திரும்புவதுண்டு. அப்போது பழைய சீட்டுகளும் திசு அறிக்கையும் கையில் இருந்தால், புதிதாகப் பார்க்கும் மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.